சேலத்திலிருந்து பனிக்காட்டு விடுதிக்கு: முதல் ஸ்கீ பயணத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் ஸ்கோகி என்றொரு பழைய மர விடுதி இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அந்த விடுதிக்குச் சாலை கிடையாது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் தளத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, 11 கிலோமீட்டர் தூரத்தை ஸ்கீ எனப்படும், காலில் மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிச் செல்லும் நீண்ட கட்டைகளின் மேல் கடந்துதான் போய்ச் சேர வேண்டும். கால்கரியில் வேலை பார்க்கும் என் தம்பியோடு சென்ற மார்ச் மாதம் அங்கே போய் வந்தேன். அதுவரை நான் தொட்டுப் பார்த்திருந்த பனி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படிந்தது மட்டுமே. விசா, விமானச்சீட்டு, அறை முன்பதிவு ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால், சேலத்தில் இருந்தபடியே செய்து முடிக்க வேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த ஸ்கீ, தொலைக்காட்சியில் மலைச்சரிவிலிருந்து பாய்ந்து இறங்குகிறார்களே, அதுவன்று. இதில் காலணியின் முன்பகுதி மட்டுமே கட்டையோடு பிணைந்திருக்கும். குதிகால் மேலே எழும்பும். ஒரு காலால் பனியை உந்தி, முழு எடையையும் மறு காலுக்கு மாற்றி, அந்த ஒற்றைக் காலில் வழுக்கிச் செல்வதுதான் மொத்த வித்தையும். பழகாதவர்கள் எடையை இரண்டு கால்களுக்கும் பகிர்ந்துகொண்டு தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். இதைச் சரிசெய்யப் பனி தேவையில்லை. மொசைக் தரையில் பழைய காலுறையோடு நின்று, ஒரு காலால் உந்தி மறு காலில் இரண்டடி வழுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதம் இப்படிப் பழகினேன். முதல் வாரத்தில் இரண்டு முறை சோபாவின் மேல் விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது ஏற்றம். ஸ்கோகி வழியில் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. நம் ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் உயரம் அதைவிட அதிகம். ஆனாலும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் வளைவில் திரும்பும் பேருந்துக்கு ஒதுங்கவே நேரம் போய்விடும். ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை, முதுகில் ஏழெட்டுக் கிலோ சுமையோடும் இரண்டு கைகளிலும் கோலோடும், வாரம் ஒரு முறை விறுவிறுவென்று போய் வந்தால் போதும்.

என்னைத் தடுக்கி விழவைத்த இடம் உடை. குளிரென்றால் நமக்குப் பயம்; மார்கழியில் ஏற்காட்டுக்குப் போனாலே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்கிறவர்கள் நாம். பயணம் புறப்பட்ட காலையில் பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி. பருத்தி பனியன், அதன் மேல் உள்ளாடை, அதன் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் இறகு அடைத்த தடித்த ஜாக்கெட் என்று அனைத்தையும் போட்டுக்கொண்டு நின்றேன். தம்பி பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்ட கழட்டுங்க. இப்பக் கொஞ்சம் நடுங்கணும்" என்றான். நான் கேட்கவில்லை.

முதல் நான்கு கிலோமீட்டரும் அகலமான ஏற்றப் பாதை. அரை மணி நேரத்தில் பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்துவிட்டது. உடம்பு சூடாக இருந்ததால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மரங்கள் முடிந்து போல்டர் கணவாயில் தலைகாட்டியதும் காற்று அடித்தது. ஐந்து நிமிடத்தில் பற்கள் தாமாக அடித்துக்கொள்ளத் தொடங்கின. ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடிக்க முயன்றேன். விரல்கள் அதன் மேல் இருந்தன, ஆனால் பிடிக்கவில்லை. தம்பிதான் ஒரு பாறை மறைவில் என்னை உட்காரவைத்து, குழந்தைக்குச் செய்வதுபோல் பனியனைக் கழற்றி, தன் பையிலிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டான். கழற்றிய பனியன் பைக்குள் போவதற்கு முன்பே அப்பளம்போல் விறைத்துவிட்டது.

காரணம் எளிது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்தும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. கம்பளியோ கணிசமான ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் வெதுவெதுப்பை விடுவதில்லை. ஆகவே தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, இவ்வளவோடு புறப்படுங்கள். இறகு ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். நிற்கும்போது மட்டும் போடுங்கள், நடக்கும்போது உடனே கழற்றுங்கள். புறப்பட்ட பத்தாவது நிமிடத்தில் வெதுவெதுப்பாக உணர்ந்தால் அங்கேயே நின்று ஒன்றைக் குறையுங்கள். பத்தாவது நிமிடத்தில் நிற்பதற்குச் சோம்பல்பட்டால் இரண்டாவது மணி நேரத்தில் நடுங்குவீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம்; சேர்வராயன் கோயில் இருக்கும் மலைத்தட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மார்கழி விடியலில் ஒரு நாள் பருத்தி பனியனோடு வேகமாக ஏறி, மேலே காற்றில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அடுத்த வாரம் அதே வழியில், அதே வேகத்தில், கம்பளிச் சட்டையோடு ஏறி நில்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் செய்தது இதைத்தான். முன்பே செய்திருக்க வேண்டும்.

கட்டைகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பனியின் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் நிறமாக மெழுகு பூசும் முறையைச் சிலர் ஒரு கலையாகவே போற்றுகிறார்கள். முதல்முறை போகிறவர் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். அடிப்புறத்தில் மீன் செதில்போல் வரி வெட்டிய, ஓரத்தில் இரும்பு விளிம்புள்ள, சற்று அகலமான கட்டைகளை வாடகைக்கு எடுங்கள். செங்குத்தான ஏற்றத்துக்கு ஸ்கின் எனப்படும் ஒட்டுப்பட்டை வேண்டும். அதன் மயிர் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் நழுவாது. பூனையின் முதுகைத் தலைப்பக்கத்திலிருந்து தடவுவதற்கும் வாலிலிருந்து தடவுவதற்கும் உள்ள வேறுபாடுதான். பட்டையைக் கழற்றியதும் பைக்குள் வீசாமல் மேலாடைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். பசை உறைந்துவிட்டால் மறுபடி ஒட்டாது.

போல்டர் கணவாய்க்கு அப்பால் உறைந்த டார்மிகன் ஏரி. அதைக் கடந்தால் 2,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த டிசெப்ஷன் கணவாய். பிறகு விடுதி வரை இறக்கம். இறங்கும்போதும் ஒட்டுப்பட்டையைக் கழற்றாதீர்கள் என்பது என் யோசனை. தேர்ந்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வேகம் பாதியாகக் குறையும். கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை அகட்டினால் வேகம் இன்னும் அடங்கும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப்புறமாக உட்கார்ந்துவிடுங்கள்.

பனிச்சரிவு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பூங்கா நிர்வாகம் குளிர்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். இருப்பிடம் காட்டும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, பனி அள்ளும் வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரம் இராது.

பிற்சேர்க்கை: இதன் முதல் வடிவத்தைப் படித்த ஒருவர், உணவுக்கு என்ன செய்வதென்று கேட்டிருந்தார். விடுதியிலேயே சமைத்துத் தருகிறார்கள், படுக்கையும் உண்டு. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வழிக்குக் கடலை மிட்டாய் கொண்டுபோன நான், அது கருங்கல்லாக இறுகி ஒரு கடைவாய்ப் பல்லைப் பதம் பார்த்ததால், இனி எள்ளுப்பொடியும் பேரீச்சம்பழமும் சேர்த்து இடித்த உருண்டையைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

இன்னொருவர், உறிஞ்சுகுழாய் உள்ள தண்ணீர்ப் பை போதாதா என்றார். போதாது, குழாய்தான் முதலில் உறையும். அகன்ற வாயுள்ள புட்டியில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, தலைகீழாகப் பையில் வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையத் தொடங்குவதால் பனிக்கட்டி புட்டியின் அடிப்பக்கம் சேரும். நிமிர்த்தித் திறக்கும்போது வாய்ப்பக்கம் தண்ணீராகவே இருக்கும்.