ஒன்ராறியோவில் ஓவர்டைம்: வெட்டப்படும் காசும் குறையும் பிள்ளைக் காசும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கம் வந்து வெயர்ஹவுஸிலோ பாக்டரியிலோ வேலை தொடங்கியவர்களுக்கு முதல் மாதமே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஓவர்டைம் செய்து பிரயோசனம் இல்லை, எல்லாத்தையும் டாக்ஸில வெட்டிப் போடுவாங்கள்." அதை நம்பி கிடைக்கும் மணித்தியாலங்களை விடாதீர்கள். வரியால் மட்டும் ஓவர்டைம் நட்டமாகாது. குறைவது வேறொரு இடத்தில்தான்: பிள்ளைகளை வளர்க்க அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக் காசில், அதுவும் ஒரு வருடம் கழித்து.

முதலில் சட்டம். ஒன்ராறியோவில் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். ஒரே நாளில் 12 மணித்தியாலம் நின்றீர்கள் என்பதற்காக அது கிடைக்காது, கிழமைக் கணக்குத்தான். சம்பளம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தாலும் ஒவ்வொரு கிழமையையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்: ஒரு கிழமை 50, அடுத்த கிழமை 38 என்றால், "மொத்தம் 88தானே" என்று சொல்லி அந்த 6 மணித்தியாலத்தை விழுங்க முடியாது. இரண்டு கிழமையையும் சேர்த்துச் சராசரி பார்க்க நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தால் மட்டும் கதை வேறு. அதனால் முதல் நாள் நீட்டும் தாள்களை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மனேஜர்கள், ஐடி தொழில்நுட்ப வேலைக்காரர் போன்ற சிலருக்கு இந்த ஓவர்டைம் சட்டம் பொருந்தாது.

சரி, ஓவர்டைம் செய்த கிழமையில் ஏன் அவ்வளவு வரி வெட்டுகிறார்கள்? மணிக்கு 20 டொலர் என்று வைப்போம். ஒரு கிழமை 60 மணித்தியாலம் செய்தால் 44க்கு 880, மிச்சம் 16க்கு 30 டொலர்படி 480, மொத்தம் 1,360. சம்பளம் போடும் கணினி நீங்கள் வருடம் முழுக்க இப்படியே உழைப்பதாக, அதாவது 70,720 டொலர் வருமானம் என்று நினைத்து கூடின விகிதத்தில் வரியைக் கழித்துவிடும். உண்மையில் உங்கள் வருட வருமானம் 45,000தான் என்றால், கூடுதலாகக் கழித்தது வரித்தாக்கலில் திரும்பி வரும். ஏப்ரல் 30க்குள் தாக்கல் செய்யுங்கள். வருமானம் கூடின விகிதம் உள்ள படிக்கு ஏறினாலும் அந்த எல்லையைத் தாண்டிய காசுக்கு மட்டும்தான் கூடின விகிதம், கீழே உள்ளதுக்குப் பழைய விகிதமே. 2025 கணக்கில் 50,000க்குக் கீழ் உழைப்பவரின் ஒவ்வொரு ஓவர்டைம் டொலரிலும் மத்திய வரி, மாகாண வரி, சிபிபி (அரசு பென்சன்), ஈஐ (வேலை இழப்புக் காப்புறுதி) எல்லாம் சேர்ந்து 27 சதம் அளவுக்குப் போகும். மிச்சம் உங்களுக்கு.

இன்னொன்று, இரண்டு வேலை செய்பவர்கள் வேலைக்குச் சேரும்போது நிரப்பும் டிடி1 வரிப் படிவத்தில் அடிப்படை வரி விலக்கை ஒரு இடத்தில் மட்டும் போடுங்கள். இரண்டிலும் போட்டால் கிழமைக் கிழமை கை நிறையக் காசு வரும், அப்புறம் சித்திரையில் மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். இரண்டு முதலாளிகளிடம் 30, 30 என்று செய்தால் அது ஓவர்டைமும் ஆகாது.

இனி பிள்ளைக் காசு. உண்மையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு யூலையிலும் முந்திய வருடக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தொகையை மாற்றுவார்கள். 2025 யூலையில் தொடங்கிய வருடத்துக்கு, குடும்ப வருமானம் 37,487 டொலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். இரண்டு பிள்ளைகள் என்றால் 81,222 வரை, கூடும் ஒவ்வொரு 100 டொலருக்கும் வருடத்துக்கு 13.50 டொலர் குறையும். கணவன் மனைவி சேர்ந்து 60,000 எடுக்கும் வீட்டில் ஓவர்டைமால் 5,000 கூடினால் அடுத்த யூலையிலிருந்து மாதம் 56 டொலர் அளவு குறைவு. ஒன்ராறியோவின் பிள்ளை உதவித்தொகையும், விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் ஜிஎஸ்டி காசும் தனியாக இறங்கும். அப்போதும் கணக்கு உங்கள் பக்கம்தான். ஆனால் ஓவர்டைம் நின்ற பிறகு இந்தக் குறைவு வந்து சேரும், வாடகை கட்டும் குடும்பத்துக்கு அது இடி. அதனால் ஓவர்டைம் காசில் கொஞ்சத்தை அடுத்த யூலைக்கென்று ஒதுக்கி வையுங்கள். வருமானமே இல்லாத துணையும் வரித்தாக்கல் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பிள்ளைக் காசு நின்றுவிடும்.

ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் போட்டால் பிள்ளைக் காசுக்குப் பார்க்கும் வருமானம் குறையும். ஆனால் அதில் போடக்கூடிய அளவு இங்கே முந்திய வருடம் உழைத்ததை வைத்து வருவதால் நாட்டுக்கு வந்த வருடமே பயன்படாது. முதல் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் எஃப்எச்எஸ்ஏ என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கைத் திறக்கலாம், வருடம் 8,000 வரை போடலாம், அதுவும் வருமானத்தில் கழியும்.

கடைசியாக, "44க்கு மேலே காசாகத் தாறன், ஒன்றரை மடங்கு கேட்காதே" என்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஓவர்டைம் சம்பளத்துக்கும் 4% விடுமுறைக் காசு சேரும், அந்த மணித்தியாலங்கள் ஈஐக்குக் கணக்கில் ஏறும், சிபிபி பென்சனுக்கும் போகும். கைக்காசில் இவை எதுவும் இல்லை. ஷிஃப்ட் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் தினமும் போனில் குறித்து வையுங்கள். சம்பளம் தராவிட்டால் மாகாணத் தொழில் அமைச்சில் இலவசமாக முறையிடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.