அஞ்சறைப் பெட்டி வெந்தயமும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும்: பிள்ளைகளோடு கீரை வளர்க்கும் முறை

மூன்று முறை விதைத்து மூன்று முறையும் பறிகொடுத்தோம். நான்காவது முறைதான் கீரை சட்டிக்கு வந்தது. அந்தத் துணிச்சலில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. வாசல் தாழ்வாரத்தில் காலை பத்து மணி வரை வெயில் விழும். தோட்டக்காரர்கள் இருவர்: எட்டு வயது மகள், நான்கு வயது மகன்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பயிர் வெந்தயம்தான் என்பது என் கட்சி. தக்காளியில் தொடங்கினால் பழம் பார்க்க மாதங்கள் ஆகும். அதற்குள் அவர்களுக்கு ஆசை போய்விடும். 2020இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் தந்தபோது நாங்களும் வாங்கினோம். அதில் வந்த கீரை விதை மணல்போல இருந்தது. மகள் கையில் கொட்டியதும் ஒரு தும்மல் போட்டாள், பாதி போயிற்று. வெந்தயம் பிள்ளையின் விரலுக்கு அகப்படும். இரண்டு மூன்று நாளில் முளைக்கும். தேக்கா சந்தை வரை போய்த் தேடவும் வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும். வறுத்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

1. ஊறவைத்தல்

இரவு படுக்கும் முன் இரண்டு தேக்கரண்டி வெந்தயத்தைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். காலையில் வழவழவென்று உப்பியிருக்கும். அதை விரலால் அளைவதற்கே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

2. டப்பா

ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. அடியில் எட்டுப் பத்து ஓட்டைகள். ஆணியைச் சூடாக்கிக் குத்துவது பெரியவர்கள் வேலை. கடையில் கிடைக்கும் பொம்மை மண்வெட்டி முதல் நாளே கைப்பிடி கழன்றுவிடும். பழைய சோற்றுக் கரண்டிக்கு ஈடான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. தொட்டி மண் கலவையை முக்கால் டப்பா நிரப்புங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். இதில் மட்டும் செல்லம் கொடுக்க வேண்டாம்.

3. விதைத்தல்

விதைக்கும் விதைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி. மேலே அரை சென்டிமீட்டர் மண். என் மகன் ஒரே குழியில் கைப்பிடி விதையைக் கொட்டி, "எல்லாம் சேர்ந்து தூங்கட்டும்" என்றான். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு விலை அடுத்த படியில் வருகிறது.

4. தண்ணீர்

மூன்று முறையும் நாங்கள் தோற்றது இங்கேதான்.

நான்காம் நாள் பச்சை வரிசையாக நின்றது. சில முளைகள் விதைத்தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு நின்றன. ஏழாம் நாள் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் படுத்துக் கிடந்தன. இலை பச்சையாகவே இருந்தது. தண்டு மட்டும் மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நைந்து போயிருந்தது. "தண்ணி போதவில்லை" என்று மகன் இன்னும் ஒரு குவளை ஊற்றினான். மறுநாள் மிச்சமும் படுத்தது.

இது நாற்றழுகல். ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சைகளின் வேலை. நெருக்கமாக விதைத்தால் காற்றுப் புகாது. நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் ஒரே இரவில் பரவிவிடும். படுத்த முளையைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் தோட்டவேலை. "ஊற்றாதே" என்றால் அழுகை. நான் இரண்டு காரியம் செய்தேன். பூவாளியை ஒளித்துவிட்டுத் துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியைக் கொடுத்தேன். ஒரு வேளைக்குப் பத்து அழுத்து, அதற்கு மேல் இல்லை. எண்ணிக்கையும் பழகிவிடுகிறது. இரண்டாவது, டப்பாவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கனமாக இருந்தால் செடிக்குத் தாகம் இல்லை, காற்றுப்போல இருந்தால் தாகம். இப்போது பாலர் பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "அப்பா, இன்னும் கனம்தான், வேண்டாம்" என்கிறான். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கும் முறையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அவன் விரலை விட்டால் முளையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

5. தட்டு

ஒருநாள் மகன் அடித்தட்டைக் காட்டி, "குட்டி மீன்!" என்று குதித்தான். கொசுப்புழு. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரைத் தேடித்தான் வரும். தொட்டித் தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். நான் தட்டையே எடுத்துவிட்டேன். பழைய துணியை நான்காக மடித்து அடியில் வைத்திருக்கிறேன்; தினமும் பிழிந்து காயப்போடுவது மகளின் பொறுப்பு.

6. அறுவடை

மூன்று நான்கு வாரத்தில் இலைகள் மும்மூன்றாக விரிந்திருக்கும். பிள்ளைகளின் மழுங்கல் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். நகத்தால் கிள்ளச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி. சப்பாத்தி மாவில் பிசைந்தோம். மகள் இரண்டு தின்றாள். மகன் தன் சப்பாத்தியிலிருந்த பச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி, "இது என்னுடையது" என்றான்.

பின்சேர்க்கை 1: "என் மகள் தினமும் விதையைத் தோண்டிப் பார்க்கிறாள், என்ன செய்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இங்கும் அதே கதைதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளையில் மண் போட்டு, சுவரை ஒட்டி நாலு விதை வையுங்கள். வெளியே கறுப்புத் தாள் சுற்றுங்கள். தாளைக் கழற்றினால் வெள்ளை வேர் இறங்குவது தெரியும். அந்தக் குவளையை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். டப்பாவைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

பின்சேர்க்கை 2: தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விடவேண்டும். அது தீப் பாதுகாப்பு விதி. சுவரோரம் ஒரே வரிசையாக வைத்தால் தொல்லையில்லை.

பின்சேர்க்கை 3: மைனா முளையைப் பிடுங்குகிறது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். காய்கறி கழுவும் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்கள். எங்கள் வீட்டில் கல்லுக்குப் பதில் ஒரு பொம்மை டைனோசர் காவல் நிற்கிறது. காற்றடித்தால் விழுந்துவிடுகிறது. கல்லே வையுங்கள்.