கண்ணைப் பார்க்காவிட்டாலும் காது இங்கேதான்: ஆட்டிசம் உள்ளவரோடு பேசிப் பழக

"என்னைப் பார்த்துப் பேசு" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு) உள்ள பலருக்கு எதிராளியின் கண்ணைப் பார்ப்பதும் அவர் பேச்சைக் கவனிப்பதும் ஒரே நேரத்தில் முடியாது. ஜன்னலைப் பார்த்து நிற்பவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். நேரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். நான்காவது நொடியில் பொறுமையிழந்து, கேள்வியை வேறு வார்த்தைகளில் மாற்றிக் கேட்பார்கள். அவருக்கோ அது புதுக் கேள்வி. அதுவரை யோசித்ததெல்லாம் வீண். திரும்பக் கேட்டே ஆகவேண்டுமென்றால் அதே வார்த்தைகளில் கேளுங்கள். "கொஞ்ச நேரத்தில் கிளம்பலாம்" என்பதும் உதவாது. "பத்து நிமிஷத்தில் கிளம்புகிறோம்" என்று சொல்லி, சொன்னபடி கிளம்புங்கள்.

வாய் பேசாதவருக்கு எதுவும் புரியாது என்று நினைப்பது பெரிய அநியாயம். பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். படத்தைத் தொட்டுத் தேவையைச் சொல்லப் படப்பலகையோ டேப்லெட்டோ கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். சொன்னதையே திருப்பிச் சொல்வதிலும் பொருள் இருக்கும். "தண்ணி வேணுமா?" என்று ஒரு குழந்தை உங்களையே கேட்டால், அதற்குத் தாகம் எடுக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தச் சொற்களைக் கேட்டபோதெல்லாம் அதன் கைக்கு டம்ளர் வந்திருக்கிறது.

கையை உதறுவதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் தடுக்காதீர்கள். பதற்றத்தை அவர்கள் அப்படித்தான் தணித்துக்கொள்கிறார்கள். தலையை மோதிக்கொண்டால் மட்டும் இடையில் தலையணை வையுங்கள். இது புதிதாகத் தொடங்கியிருந்தால் பல், காது, வயிறு என்று வலியைத் தேடுங்கள்.

திடீரென அலறி அழுவதை அடம் என்று எண்ணிவிடுகிறார்கள். அடம் கேட்டது கிடைத்ததும் நிற்கும். இது நிற்காது, சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்கும் அளவை மீறிவிட்டன என்று பொருள். டிவியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புங்கள். ஒரு கை தூரம் தள்ளி அமைதியாக உட்காருங்கள். ஆறுதல் என்று நினைத்துக் கட்டியணைத்தால் தொடுதலும் ஒரு சுமையாகச் சேரும். அவராக வந்தால் மட்டும் அணையுங்கள். அடங்கியதும் விசாரணை வேண்டாம். முந்தைய அரை மணி நேரத்தில் நடந்ததை மட்டும் எழுதி வையுங்கள்: மிக்ஸி சத்தம், புதுச்சட்டை, மாறிய திட்டம், பசி. நாலைந்து முறை எழுதினாலே காரணம் பிடிபடத் தொடங்கும்.

ஆட்டிசத்துக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று யாராவது சொன்னால், 1998-இல் அந்தப் பீதியைக் கிளப்பிய கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று சொல்லுங்கள். தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்ற பழியும் எப்போதோ பொய்யாகிவிட்டது. எல்லோரும் கணக்கில் புலிகளும் அல்லர். அபாரத் திறமை சிலருக்கே. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடித்துச் சமாளித்துவிடுவதால் கண்டறியவே பல வருடம் தாமதமாகிறது. பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டு வாசலில் வெடித்து அழும் பெண்ணைத் திட்டாதீர்கள். பையை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் தனியே விடுங்கள்.