வீங்காத கெபாசிட்டரையும் சந்தேகப்படுங்கள்: பழைய மதர்போர்டில் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், என் அக்காவின் கணவர் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி பட்டறை நடத்துகிறார். அங்கே ஓடுவது 2004-இல் வாங்கிய பென்டியம் 4 கணினி. பூவேலை வடிவங்களைத் தயாரிக்கும் அவருடைய மென்பொருள், கணினியின் பின்புறம் உள்ள பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு பிளக்) செருகியிருந்தால்தான் திறக்கும். இன்று கடையில் வாங்கும் கணினிகளில் அந்தப் போர்ட் இருப்பதே அரிது. யூஎஸ்பி மாற்றி வாங்கிப் பார்த்தோம், டாங்கிளை அது கண்டுகொள்ளவில்லை. அதனால் இந்தப் பழைய பெட்டி நின்றால் பட்டறையும் நிற்கும்.

போன மார்கழியில் அது காலையில் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. “நாலு தடவை பொத்தானை அமுக்கினால்தான் உயிர் வருகிறது, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது” என்றார் மாமா. வந்து பார்த்த மெக்கானிக் போர்டு போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார். போர்டு போகவில்லை. போனவை, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது தரும் ஆறு கெபாசிட்டர்கள் மட்டுமே. அவற்றில் மூன்றை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன், மீதி மூன்றுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மல்டிமீட்டர் பிடிக்கவும் சால்டரிங் அயர்னைக் கையாளவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறியைக் கேளுங்கள்

காலையில் கிளம்பாமல், சூடானபின் ஒழுங்காக ஓடுவது எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் முதுமைக்கு நல்ல அடையாளம். உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள்தடை ஏறுகிறது. ஈஎஸ்ஆர் என்று சொல்வது இதைத்தான். குளிரில் அந்தத் தடை இன்னும் ஏறும். மார்கழி விடியலின் குளிர் நல்ல கெபாசிட்டரை ஒன்றும் செய்யாது. வற்றிப்போனதை அதுவே முடக்கிவிடும்.

வீட்டில் ஹேர் டிரையர் இருந்தால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பிராசசரைச் சுற்றியுள்ள பகுதியை இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். முதல் அழுத்தத்திலேயே கணினி கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. உறுதி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் விரிசல் விட்ட ஈய இணைப்பும் சூட்டில் சேர்ந்துகொள்ளும். தானாக ரீஸ்டார்ட் ஆவது, வேலை கூடினால் நீலத்திரை வருவது, யூஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்வது ஆகியவையும் இதே குடும்பத்து அறிகுறிகள்தான்.

போர்டைத் தொடும் முன் மூன்று சோதனை

போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது ராம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பு எல்லா உலோகத்தையும் அரிக்கிறது. ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களை அழுத்தித் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி செருகுங்கள். போர்டு போய்விட்டது என்று ஒதுக்கிய கணினிகள் இந்த ஒரு வேலையில் பிழைத்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பவர் சப்ளை. அதைப் போர்டிலிருந்து பிரித்து, ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் சுமையாக மாட்டி, பெரிய பிளக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் அது ஓடத் தொடங்கும். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வர வேண்டும். ஊதா ஒயர் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் தர வேண்டியது. பொத்தானை அமுக்கியும் கிளம்பாத நோய்க்குப் பல நேரம் இதுதான் காரணம். அளவு தவறினால் வேறு பவர் சப்ளை போட்டுப் பாருங்கள். பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

கண்ணால் பார்ப்பது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பிறகு நல்ல வெளிச்சத்தில் போர்டை வையுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தலையில் பெருக்கல் குறியைப் போலவோ ஆங்கில எழுத்து கே போலவோ கீறல் இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே வெளியேறுவதற்காக வைத்தது. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, கீறலில் துருநிறப் பொருக்கு உலர்ந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது.

லேசான வீக்கம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு படும்படி தலைமேல் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். தட்டையான தலையில் ஸ்கேல் அசையாமல் நிற்கும். உப்பியதில் கூழாங்கல் மேல் வைத்ததுபோல் ஆடும், இரு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது கொள்ளைநோய் போலவே பரவியது. தண்ணீர் அதிகம் கலந்த மின்பகு திரவத்தைச் சரியான தடுப்பு வேதிப்பொருள் இல்லாமல் நிரப்பியதால் உள்ளே அலுமினியம் அரித்து, ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, கெபாசிட்டர்கள் உப்பின. சுமார் 1999 முதல் 2007 வரை தயாரான போர்டு உங்களிடம் இருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

நல்ல கெபாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த ஒன்று, சூடு 10 டிகிரி குறையும்தோறும் ஏறக்குறைய இரு மடங்கு உழைக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் எட்டரை ஆண்டுக்கு மேல். அதே பெட்டியை சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில் வைத்து உள்ளே 75 டிகிரி ஆனால் அது பாதியாகும். கத்திரி வெயிலில் எங்கள் பட்டறையின் நிலை இதுதான்.

என்னைத் தடுக்கிவிட்ட இடம்

பிராசசர் பக்கம் உப்பியிருந்த மூன்றையும் மாற்றினேன். மறுநாள் காலை மறுபடியும் நான்கு தடவை பொத்தான். மீதி இருந்தவை எல்லாம் தலை தட்டையானவை. போர்டில் இருக்கும்போதே மீட்டரின் கெபாசிட்டர் அளவில் ஒவ்வொன்றாக அளந்தேன், எல்லாமே எழுதியிருந்த மதிப்பைவிடக் கூடுதலாகவே காட்டின. நல்லவை என்று நம்பி வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

இங்கே இரண்டு தவறு. முதலாவது, பிராசசரைச் சுற்றியும் ராம் பக்கமும் இருக்கும் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் ஒரே மின்வழியில் பக்கவாட்டில் இணைந்திருக்கும். 1,500 மைக்ரோஃபாரட் ஆறு சேர்ந்தால் 9,000. நீங்கள் எதன் காலில் ஊசியை வைத்தாலும் கூட்டத்தையே அளக்கிறீர்கள், ஒன்று செத்திருந்தாலும் மற்றவை மறைத்துவிடும். ஈஎஸ்ஆர் மீட்டரும் இங்கே ஏமாறும். கழற்றித்தான் அளக்க வேண்டும், குறைந்தது ஒரு காலையாவது தூக்கிவிட்டு.

இரண்டாவது தவறு பெரியது. கொள்ளளவு சரியாக இருந்தால் கெபாசிட்டர் நல்லது என்று நினைத்தேன். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை எண்ணிக்கொள்ளுங்கள். டிரம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அடியில் உள்ள குழாய் வாயைத் துரு அடைத்திருக்கிறது. அவசரத்துக்குக் குடத்தை வைத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். மல்டிமீட்டர் மெதுவாக நிரப்பி அளப்பதால் டிரம்மின் அளவை மட்டும் சொல்கிறது. பிராசசரோ நொடியில் பல்லாயிரம் தடவை குடத்தை நீட்டுகிறது. குழாயின் அடைப்பைச் சொல்வது ஈஎஸ்ஆர்.

கழற்றிப் பார்த்தபோது, ராம் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நின்ற மெலிந்த 1,000 மைக்ரோஃபாரட் ஒன்று 870 காட்டியது. ஐந்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது விதி, ஆகவே அதில் அது தேறியது. ஈஎஸ்ஆர் 2.8 ஓம். அதன் இரட்டையாக வாங்கிய புதியதில் 0.04 ஓம். தலை கண்ணாடிபோல் தட்டை. ஆனால் அடியில் இருக்கும் ரப்பர் மூடி வெளியே தள்ளி, கெபாசிட்டர் போர்டிலிருந்து அரை மில்லிமீட்டர் எழும்பி லேசாகச் சாய்ந்திருந்தது, கீழே பழுப்புக் கறை. அதே வரிசையில் இன்னும் இரண்டு இதே நிலையில் இருந்தன. ஆகவே தலையை மட்டும் பார்க்காமல், போர்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்.

கருவி பற்றி என் கருத்து: பல மலிவான மல்டிமீட்டர்களின் கெபாசிட்டர் அளவு 200 மைக்ரோஃபாரடோடு நின்றுவிடும், மதர்போர்டுக்கு அது உதவாது. அந்தப் பணத்தில் சிறிய திரையுள்ள டிரான்சிஸ்டர் டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். கொள்ளளவையும் ஈஎஸ்ஆரையும் சேர்த்துச் சொல்லும். செருகும் முன் கெபாசிட்டரின் இரு காலையும் தொட வைத்து மின்சாரத்தை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டெஸ்டர் செத்துவிடும்.

கழற்றுவதும் மாற்றுவதும்

கழற்றும் முன் படம் எடுங்கள். கெபாசிட்டரின் உடலில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை (மைனஸ்). போர்டில் வண்ணம் தீட்டிய பாதியும் பெரும்பாலும் எதிர்முனையே, ஆனால் சில போர்டுகளில் தலைகீழாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சை நம்பாதீர்கள், படத்தை நம்புங்கள்.

25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. எதிர்முனைக் கால் போர்டின் உள்ளே இருக்கும் செப்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். 60 வாட் எடுங்கள். பழைய இணைப்பின்மேல் புது ஈயம் கொஞ்சம் வைத்து உருக்கி, ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி ஆட்டி எடுங்கள். துளையில் அடைத்த ஈயத்தைச் சூடாக்கிக்கொண்டே துருப்பிடிக்காத ஊசியால் குத்தினால் வழிவிடும். இழுக்காதீர்கள், துளையின் உள்பூச்சு பிய்ந்து வந்துவிடும்.

வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகை என்று கேளுங்கள். சாதாரண வகை அதே மதிப்பில் கிடைக்கும், அது சீக்கிரமே சூடாகிப் பழுதாகும். விட்டத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். நான் ஜப்பானிய தயாரிப்பைத்தான் போடுவேன்: நிச்சிகான், ரூபிகான், பானசோனிக். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். டெஸ்டரைக் கையோடு எடுத்துப்போய், வாங்கியதில் ஒன்றைக் கடையிலேயே அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் எழுதினார்கள். ஒருவருக்குப் பிராசசர் பக்கத்து எல்லாக் கெபாசிட்டரிலும் மீட்டர் பீப் அடித்ததாம், எல்லாம் ஷார்ட் என்று பயந்துவிட்டார். பிராசசரின் தடையே சில ஓம்தான், அதற்கும் மீட்டர் பீப் அடிக்கும். பிராசசரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

இன்னொருவர் கெபாசிட்டர்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ கசிந்திருப்பதாகப் படம் அனுப்பினார். அது ஆட்டம் தாங்குவதற்காகத் தொழிற்சாலையில் வைத்த பசை. உடலின் பக்கத்தில் தடிமனாக, ரப்பர்போல் ஒட்டியிருந்தால் பசை. கால்களுக்கு அடியில் மெல்லிய படலமாகப் பரவி, போர்டின் பச்சையை மங்கவைத்திருந்தால் கசிவு.

மூன்றாமவரின் போர்டு 2010-க்குப் பிறகு வந்தது, எல்லாமே தலையில் கீறல் இல்லாத பளபளப்பான கெபாசிட்டர்கள். அவை பாலிமர் வகை, உள்ளே திரவம் கிடையாது, ஆகவே ஸ்கேல் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே முதலில் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள் என்று எழுதினேன். அவருடைய பழுது அதில்தான் இருந்தது.