வீட்டிலேயே ரேடியோ கசிவு சோதனை: வெளி இரைச்சலை ஒதுக்குவது எப்படி

நீங்கள் செய்த சர்க்யூட் போர்டிலிருந்து வேண்டாத ரேடியோ அலை கசிகிறதா என்று பார்க்க வேண்டுமா? முதலில் போர்டை ஆன் செய்யாதீர்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஆன்டெனாவை மட்டும் மாட்டி, 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 கிகாஹெர்ட்ஸ் வரை மேக்ஸ் ஹோல்டில் (வந்த அதிகபட்ச அளவை அப்படியே பிடித்துவைக்கும் முறை) பத்து நிமிடம் ஓடவிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ராயபுரத்தில் எங்கள் மாடியில் 88 முதல் 108 வரை எஃப்எம் நிலையங்கள் வரிசையாக நிற்கும், 156 பக்கம் துறைமுகக் கப்பல்களின் பேச்சு வந்து வந்து போகும், 900 பக்கம் செல்போன் டவர். இவை எதுவும் உங்கள் போர்டின் குற்றம் இல்லை.

அப்புறம் வீட்டு இரைச்சல். சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முடிந்தால் மெயினையே இறக்கி, போர்டை பேட்டரியில் ஓட்டுங்கள். ஒரே ஒரு மலிவான எல்இடி பல்பால் இரண்டு நாள் நான் போர்டையே சந்தேகப்பட்டேன்.

சின்ன போர்டு என்றால், அதை உள்ளே வைத்து வெளி அலைகளைத் தடுக்கப் பெரிய பிஸ்கட் டின் போதும். மூடி உட்காரும் விளிம்பில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிந்த பிறகு செம்பு டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் அந்த இடுக்கு வழியாகவே எஃப்எம் உள்ளே வந்துவிடும். டின்னுக்குள் அலை எதிரொலிக்கும், அதனால் அளவை அப்படியே நம்பாமல், போர்டில் செய்யும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் சந்தேகமாக ஒரு சிக்னல் உச்சி நிற்கிறதா? போர்டை அணையுங்கள். அது மறைந்தால் உங்களுடையது.