மழை மறைவுப் பகுதியைக் கண்டறிவது எப்படி?

மலைத்தொடரின் எந்தப் பக்கம் நனையும், எந்தப் பக்கம் மழை மறைவாகி (மலை மறைப்பதால் மழை குறைந்து) காயும் என்பதை அறிய, உயரங்கள் குறித்த வரைபடமும் எளிய கணக்கும் போதும். ஆனைமலைப் பகுதியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

முதலில் காற்றின் திசையை அம்புக்குறியாக வரையுங்கள். மலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் பலரும் செய்யும் பிழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, தென்வடலாக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுவதால், மேற்குச் சரிவு காற்றுமுகமாகவும் கிழக்குச் சரிவு காற்று மறைவாகவும் அமைகின்றன.

அடுத்தது கணக்கு. கடல் மட்டத்தில் 30 டிகிரி செல்சியஸ் உள்ள காற்று 2000 மீட்டர் ஏறி மறுபுறம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேகம் கட்டும் வரை அது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். 500 மீட்டரில் மேகம் கட்டினால் அங்கே வெப்பம் 25 டிகிரி. அதற்கு மேல், நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், குளிர்ச்சி 100 மீட்டருக்கு ஏறத்தாழ அரை டிகிரியாகக் குறைந்து, உச்சியில் 17.5 டிகிரி இருக்கும். மழையாக ஈரத்தை இழந்த காற்று இறங்கும்போது மீண்டும் 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடேறி, 400 மீட்டர் உயரத்தில் 33.5 டிகிரியை எட்டும். மேற்கே அதே உயரத்தில் 26 டிகிரிதான் இருந்தது. இப்படிச் சூடேறும் காற்றில் மேகம் கரைந்துவிடும். புதிதாகக் கட்டவும் வழியில்லை.

கணக்கைக் களத்தில் சரிபார்க்க, மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டங்கள் பின்தங்கி, மறையூரில் சந்தனக் காடும், அதற்கும் கீழே சின்னாற்றில் முட்புதர்க் காடும் வந்துவிடும். மழைமானி இல்லாத இடத்தில் மரங்களையே சாட்சியாகக் கொள்ளலாம்.

பிறகு மலையின் இடைவெளிகளைத் தேடுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று அதிகம் மேலெழாமல் நுழைவதால், கோயம்புத்தூருக்கு ஆடியில் குளிர்ந்த காற்று கிடைக்கிறது. மழை அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றோ குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது.

மழை மறைவு என்றாலே ஆண்டு முழுதும் வறட்சி எனக் கொள்ள வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், அம்புக்குறியைத் திருப்பி வரைய வேண்டும். கோயம்புத்தூர் தன் மழையில் பெரும்பங்கை அந்த மாதங்களில்தான் பெறுகிறது. ஆகவே, வரைபடத்தில் மழை மறைவைக் குறிக்கும்போது, எந்த மாதங்களுக்கு அது பொருந்தும் என்பதையும் அருகிலேயே எழுதுங்கள்.