கிரேஞ்ச் சாலைக்குப் போகுமுன்: தூதரகம் பற்றி நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். ஒருமுறை கட்டுமான வேலை பார்க்கும் தம்பி ஒருவர், மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த சம்பளச் சீட்டுகளோடு வந்தார். இரண்டு ஆண்டுகளாக மிகைநேரச் சம்பளம் குறைத்தே வந்திருக்கிறது. கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டு நான்கு மாதம் காத்திருந்தாராம். “நம் அரசாங்கம் கேட்டால் முதலாளி கொடுத்துவிடுவார் அல்லவா, அண்ணே?” என்றார்.

அவர் காத்திருந்த நான்கு மாதமும் அவருடைய பணத்தைத்தான் தின்றது. சிங்கப்பூரில் சம்பளப் பாக்கிக் கோரிக்கையை, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேலையை விட்டு நின்றவர் என்றால் ஆறு மாதம்தான். அதற்கான வாசல், சம்பளத் தகராறுகளில் சமரசம் பேசி வைக்கும் ‘சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி’ (TADM) என்ற அமைப்பு. அங்கே சமரசம் கூடவில்லை என்றால், 2017 முதல் இயங்கும் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். தூதரகத்துக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பதில்லை. கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு எழுதுங்கள். எழுதும் கடிதத்தில் அந்தப் பதிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்தத் தம்பி தயங்கித் தயங்கி ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போட, அடியில் இருந்த பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிக்கொண்டே வந்தன. அதை அவரிடம் விளக்கியபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

ஊரில் ஒரு சிக்கல் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழகியவர்கள் நாம். தூதரகத்தையும் கடல் கடந்த கலெக்டர் அலுவலகமாகவே நினைத்துவிடுகிறோம். அது ஓர் அரசு இன்னோர் அரசிடம் அனுப்பி வைத்திருக்கும் பிரதிநிதி. தன் நாட்டின் சார்பில் பேசுவது, பேச்சுவார்த்தை நடத்துவது, தன் குடிமக்களின் நலன் காப்பது, வணிக, கலாசார உறவை வளர்ப்பது ஆகியவற்றை அதன் வேலைகளாக 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வரையறுக்கிறது. அதே உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே முதலாளிக்கு உத்தரவு போடவோ, வழக்கை நிறுத்தவோ தூதருக்கு அதிகாரம் இல்லை.

தூதரக வளாகம் இந்திய மண் என்ற பேச்சும் தவறு. கிரேஞ்ச் சாலைக் கட்டடம் நிற்பது சிங்கப்பூர் மண்ணில். தூதரின் அனுமதி இல்லாமல் இந்நாட்டுக் காவல்துறை உள்ளே நுழைய முடியாது, அவ்வளவுதான்.

கைதாகும்போது செய்யும் தவறு இதைவிடக் கொடியது. வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். 1963-ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கை, 36-ஆம் பிரிவில், கைதான வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கேளுங்கள். அதிகாரி வந்து பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் கிடைக்க வழி செய்யலாம். விடுவித்துக் கூட்டிச் செல்ல மட்டும் அவரால் முடியாது.

மரணம் நேர்ந்த வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடலை ஊருக்கு அனுப்ப விடுதி நண்பர்கள் தலைக்கு இருபது, ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வசூல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மனசு நெகிழும். ஆனால் ஒர்க் பெர்மிட்டில் இருந்த ஊழியர் இறந்தால், அடக்கச் செலவையோ உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவையோ முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. வசூல் பணம் அந்தக் குடும்பத்தின் கைக்குப் போகட்டும். தூதரகம் இறந்தவரின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) ரத்து செய்து தடையில்லாச் சான்று தரும். கேட்க ஆளே இல்லாத நிலையில் உதவுவதற்கென்று 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியும் தூதரகங்களின் கையில் இருக்கிறது. அது வசதி பார்த்துக் கொடுக்கப்படும் உதவி, எல்லோருக்குமான உரிமைத்தொகை அல்ல.

படித்து, நல்ல வேலையில் இருப்பவர்கள் சறுக்கும் இடம் குழந்தை பிறப்பு. இங்கே பிறந்துவிட்டால் குழந்தை இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசத் தகுதி இதற்குப் போதாது. 42 நாள்களுக்குள் இங்கே பிறப்பைப் பதிந்து, சான்றிதழைத் தரவிறக்கிக் கைப்பேசியில் போட்டுக்கொண்டதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பெற்றோர் இந்தியர்கள் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. தவறவிட்டால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாத்தா பாட்டியைப் பார்க்க டிக்கெட் போடும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

குடியுரிமை மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பழைய இந்தியக் கடப்பிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ‘இருக்கட்டுமே’ என்று விடாதீர்கள். ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். அதன் பிறகு சென்னையில் உங்கள் கடப்பிதழ் தொலைந்தால் நீங்கள் தேடிப் போக வேண்டியது அங்கே உள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தை.

கடைசியாக, பவர் பத்திரம். ஊரில் நிலம் விற்க அண்ணனுக்கோ மைத்துனருக்கோ அதிகாரம் கொடுப்பவர்கள், தூதரக முத்திரை ஒன்றுதான் செல்லும் என்று நினைத்து அங்கே நேரம் கிடைக்காமல் வாரக்கணக்கில் தவிக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டம், வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையிலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெறலாம் என்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரும், ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க ஒரே சான்று போதும் என்னும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. நோட்டரி கையெழுத்துக்குச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் அப்போஸ்டில் தரும். உங்கள் சார்பதிவாளர் எதைக் கேட்கிறார் என்று முதலில் ஊரில் விசாரித்துவிடுங்கள். எழுதிய பிறகு விசாரித்தால் இரட்டைச் செலவு.

இங்கே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு அங்கே கோட்டை விடுபவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அண்ணன் அதை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, வாங்குபவர் அமைந்த பிறகு ஆறாம் மாதம் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். பத்திரத்தை அனுப்பும்போதே இதைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கூரியர் உறையையும் கிழித்து எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி.